கணக்கில் வந்த கூவல்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர எழுதினேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். அப்படிப்பட்டவள் ஊர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காரணம் என் அண்ணன் மகள். அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி முடித்துத் தடியாக ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறாள். ஓடுகிற காற்றோ தண்ணீரோ ஒரு பொருளை அசைக்க, அந்த அசைவு திரும்ப அந்தக் காற்றை மாற்ற, இரண்டும் சேர்ந்து என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற படிப்பு. அந்தப் புத்தகத்தில் என் தொண்டையின் படம் இருக்கிறது. நீலமும் சிவப்புமாக, மீன்வலை போர்த்தியது போல. கீழே பெயர் கிடையாது. நடுத்தர வயதுப் பெண் என்று போட்டிருக்கிறதாம். அந்தத் தொண்டையிலிருந்து முன்பு என்ன சத்தம் வந்தது என்று அதில் எங்கும் இல்லை. அதையாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். சிலமலையில் இருட்டோடு ஜீப்பு கிளம்பும். போடியில் இன்னும் கொஞ்சம் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறும். ஜீப்பை ஓட்டுவது என் வீட்டுக்காரர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் ஒன்றாகப் போய் சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். ஜீப்பில் அவர் முன்னால், நான் பின்னால் பெண்களோடு. வீட்டில் பேசுவதைவிட அவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதுதான் அதிகம்.

தோட்டத்துக்குள் இறங்கி ஆளுக்கொரு பக்கம் புகுந்துவிட்டால் யாரும் யார் கண்ணிலும் படமாட்டோம். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். காய் மட்டும் தூரில், மண்ணோடு சரம் சரமாகக் கிடக்கும். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு, அதுதான் பனிமூட்டம், இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியே மறைந்துவிடும். அதனால் எங்கள் ஜீப்புக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் சோலி முடிந்ததும் வீட்டுக்காரர் பாதையில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடிப்பார். ஒவ்வொருத்தியும் இருக்கிற இடத்திலிருந்து கூவ வேண்டும். பேர் சொல்ல மாட்டோம். அந்தி நேரத்தில் காட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கக் கூடாதது எதுவோ கேட்டு வைத்துக்கொள்ளும் என்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு கூவல். ஒருத்தி குயில் மாதிரி இழுப்பாள், ஒருத்தி நாய் விரட்டுகிற மாதிரி இரண்டு வெட்டு வெட்டுவாள். எல்லாருடைய கூவலும் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். ஒன்று குறைந்தாலும் எடுக்க மாட்டார்.

என் கூவல் தற்செயலாக வந்தது. முதல் நாள் எல்லாரும் கூவி முடித்து நான் மட்டும் பாக்கி. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'ஊ' என்று இழுத்தேன். கடைசியில் குரல் உடைந்து, கீச்சென்று ஒரு ஏற்றம் ஏறி நின்றது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஜீப்பிலிருந்து, "அது எங்க வீட்டுச் சத்தமா? நான் இம்புட்டு நாளா கேட்டதே இல்லையே" என்றார். அதுவே என் கூவலாக நின்றுவிட்டது. கங்காணி அண்ணன் கேலி செய்வார்: "ஊருக்குள்ள இந்த ஆத்தா வாயத் தொறந்து பாத்தவன் இல்ல. காட்டுக்குள்ள வந்தா மலைக்கு அங்கிட்டு மேயிற மாடு திரும்பிப் பாக்குது."

எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற இடங்களில் நான் பேசினால் யாராவது "என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. முதலில் பாசிமணியளவு, பிறகு எலுமிச்சையளவு. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பைச் சுற்றிக் கட்டி வளர்ந்திருக்கிறது, குரல் போகலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. கண் விழித்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபிலிருந்து வருகிற மாதிரி.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். குசுகுசுப்புதான் மிஞ்சியது. தண்ணீர் குடித்தால் புரையேறும். நான் பேசாதவள்தானே, இதில் என்ன வித்தியாசம் என்று ஊரில் இரண்டு பேர் என் காது கேட்கவே சொன்னார்கள். சொன்னவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஊருக்குள் வித்தியாசம் ஒன்றும் தெரியாதுதான்.

மலையில்தான் தெரிந்தது. ஹாரன் அடித்தால் எல்லாரும் கூவுவார்கள். நான் வாயைத் திறந்து மூடுவேன். வீட்டுக்காரர் போடியில் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு விசில் வாங்கி, சிவப்புக் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். முதல் நாள் நான் ஊதியதும் பெண்கள் ஒரே கூச்சல்.

"ஏ, போலீஸ்காரம்மா வந்துட்டாங்கடி! சாக்கை எல்லாம் ஒளிங்க!"

"மதினி, இன்னொரு ஊது ஊதுங்க. கங்காணி அண்ணன் பயந்துக்கிட்டு வர்றாரு."

நானும் சிரித்தேன். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

அந்த வருஷப் பொங்கலுக்கு அண்ணன் மகள் ராசிங்காபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். நாங்களும் போயிருந்தோம். சின்னதிலிருந்தே வாயாடி. எனக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். அவள் என்ன படிக்கிறாள் என்று அதுவரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பாலம், விமானம் என்று ஏதோ சொல்வாள். அன்று என் குசுகுசுப்பைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உன் தொண்டையும் என் படிப்பும் ஒன்னுதான் தெரியுமா? காத்து ஓடுது, சதை ஆடுது. அம்புட்டுத்தான் குரலு."

விரல்களை உதட்டில் வைத்து ஊதிக் காட்டினாள். தொண்டைக்குள் இரண்டு மடிப்பு இருக்கிறதாம். மூச்சுக் காற்று முட்டித் தள்ளினால் திறக்கும். காற்று வேகமாகப் போகும்போது அவை திரும்ப ஒட்டும். ஒரு நொடிக்குள் இருநூறு தடவை போல இப்படித் திறந்து மூடுவதுதான் பெண் குரல். எனக்கு ஒரு பக்கத்து மடிப்பு நரம்பில்லாமல் ஒதுங்கிக் கிடக்கிறது. நடுவில் சந்து. காற்று முட்டாமல் ஓடிவிடுகிறது. வெளியிலிருந்து சின்னக் கட்டை ஒன்றைக் குருத்தெலும்புக்குள் செருகி அந்த மடிப்பை நடுவுக்குத் தள்ளினால் திரும்ப ஆடலாம். அந்த ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டரும் முன்பு சொல்லியிருந்தார். கட்டாயம் இல்லை, வேண்டுமானால் செய்யலாம் என்றார். இன்னொரு முறை கழுத்தில் கத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லாமல் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

"நான் கணக்குப் போட்டுச் சொல்றேன். ஆடுமா ஆடாதான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றாள்.

என் கழுத்து ஸ்கேனை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய வாத்தியாரும் டாக்டரும் ஒத்துக்கொண்ட பிறகு என்னிடமும் கையெழுத்து வாங்கினாள். அதிலிருந்து என் தொண்டையைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள். சதையைக் கடுகுக்கும் சின்னதான துண்டுகளாக வெட்டினாளாம். உள்ளே போகும் காற்றையும் அப்படியே. என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரே சந்தேகம்.

"காத்தை எப்படி புள்ள வெட்டுவ?"

"கணக்குல வெட்டுவேன் மாமா. சம்பந்தம் பேசுற மாதிரின்னு வச்சுக்கங்க. காத்து பொண்ணு வீடு, சதை மாப்ள வீடு. காத்து, 'நான் இம்புட்டுத் தள்ளுவேன்'னு சொல்லும். அதைச் சதைக்கிட்டப் போய்ச் சொன்னா, 'அப்ப நான் இம்புட்டு நகருவேன்'னு சொல்லும். அது நகந்தா காத்துக்கு வழி மாறிப்போகும். 'அப்படின்னா நான் சொன்னது செல்லாது'ன்னு காத்து திரும்ப வேற சொல்லும். ரெண்டு வீடும் ஒத்துக்கிற வரைக்கும் நான் நடந்துக்கிட்டே இருக்கணும். ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த பேச்சு."

"ஒத்துக்கலேன்னா?"

"கணக்கு வெடிச்சிரும்."

எனக்குக் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் கழுத்து இல்ல அத்தை, என் கம்ப்யூட்டர்ல நம்பரு. பெருசாகிப் பெருசாகி ஒன்னுமில்லாமப் போயிரும்." அதற்கப்புறம் அவள் போனில் எப்போது பேசினாலும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "வெடிச்சுச்சா?" என்றுதான். பல மாதம் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. நாள்கணக்கில் கம்ப்யூட்டர் ஓடினால் கண் இமைக்கிற நேரத்துக் குரல்தான் கிடைக்குமாம். நான் அந்த மாதங்களில் தோட்டத்தில் உட்கார்ந்து காய் எடுக்கும்போது, அங்கே சென்னையில் என் தொண்டை ஒன்று தனியாக 'ஊ' சொல்ல முயன்றுகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவளுக்கு என் பழைய குரல் வேண்டியிருந்தது. எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்று தெரிந்தால்தான் கணக்கு எதை நோக்கிப் போக வேண்டும் என்று தெரியுமாம். தேடினோம். போனில் நான் யாருக்கும் குரல் அனுப்பியதில்லை. கல்யாண வீடியோக்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இலை எடுத்துக்கொண்டிருந்தேன். நான் இத்தனை வருஷம் பேசியது எதுவுமே எங்கும் இல்லை.

கடைசியில் ஜீப்பில் கூட வரும் ஒரு பெண்ணின் போனில் மஞ்சு இறங்குவதை எடுத்த வீடியோ ஒன்று கிடைத்தது. ஸ்டேட்டஸ் வைக்க எடுத்தது. பின்னால் தூரத்தில் சாயங்காலக் கூவல்கள். அண்ணன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். மூன்றாவதாக வந்ததை நான் என்னுடையது என்று கை காட்டினேன்.

"அது மேலத்தெருக்காரி" என்றார் வீட்டுக்காரர். "பொறு." கடைசிக்கு முந்தி, காற்று இரைச்சலுக்குள் ஒன்று வந்தது. இருக்கிறதா இல்லையா என்பது போல. அவர் விரலைத் தூக்கினார். "இந்தா. இதுதான் இவ."

எனக்கு அது யாரோ போல இருந்தது. அவ்வளவு மெல்லிசாகவா நான் கூவினேன் என்று நினைத்தேன். அவர் மட்டும் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து வெளியே போய் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆடிக்குள் கணக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். திரையில் என் மடிப்புகள் இரண்டும் பெரிதாக, மெதுவாக, திறந்து மூடின. கட்டை வைத்த பக்கம் கொஞ்சம் சோம்பலாக, ஆனாலும் ஆடியது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்கு ஒரே கூச்சம். பிறகு சத்தத்தைப் போட்டாள். தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல ஒரு இரைச்சல்.

"இதுக்குத்தான் இம்புட்டுப் படிச்சியா?" என்றாள் என் அண்ணி. "இதை நம்ம மிக்சியே சொல்லுமே."

வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதுல இவ எங்க புள்ள இருக்கா?"

"பொறுங்க மாமா. இது தொண்டை மட்டும். இன்னும் வாய் வைக்கல."

வாயை வைத்தாள். உதட்டைக் குவித்த மாதிரி வழியைக் கட்டினாள். வண்டு மெதுவாக 'ஊ' ஆயிற்று. கண் இமைக்கிற நேரத்தை ஒட்டி ஒட்டி நீட்டி வைத்திருந்தாள். கடைசியில் அந்த ஏற்றத்தையும் ஏற்றினாள்.

"கிட்ட வருது" என்றார் வீட்டுக்காரர்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கணக்குல நீ கூவிட்ட அத்தை."

அதைக் கேட்டுத்தான் நான் ஆபரேஷனுக்குச் சரி என்றேன். தண்ணீர் புரையேறுவதற்காக என்று டாக்டரிடம் சொன்னேன். கூவுவதற்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த ஆபரேஷனில் முழுக்க மயக்கம் கொடுக்க மாட்டார்கள். கழுத்தை மரக்கச் செய்துவிட்டு நம்மைப் பேசச் சொல்லிக்கொண்டே கட்டையைச் சரி பார்ப்பார்கள். முகத்தை மூடிக்கொண்டு சுற்றி நின்ற அத்தனை பேருக்கு முன்னால் "ஈ" சொல்லுங்கள் என்றார்கள். காற்று வந்தது. கொஞ்சம் தள்ளினார்கள். காற்று. இன்னும் கொஞ்சம். திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நான்தான். கண்ணீர் காதுக்குள் இறங்கியதை நர்ஸ் பஞ்சால் ஒற்றினாள். கட்டையின் கனத்தைப் பற்றி அண்ணன் மகளின் கணக்கை டாக்டர் முன்பே பார்த்திருந்தார். ஏறக்குறைய அதுதான் வந்தது, காது சொன்னபடி கொஞ்சம் குறைத்தேன் என்று பிறகு அவளிடம் சொன்னாராம். அவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

குரல் வந்துவிட்டது. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கொஞ்சம் கனமாக, சளி பிடித்தவள் போல, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற குரல். தண்ணீர் புரையேறவில்லை. கடையில் சாமான் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். டாக்டர் உரக்கப் பேசக் கூடாது என்று சொன்ன காலம் முடிகிறவரைக்கும் மலைக்குப் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோதுகூட நான் கூவிப் பார்க்கவில்லை. அது வீட்டில் கூவுகிற கூவல் இல்லை.

காலம் முடிந்து நான் தோட்டத்துக்குப் போன அன்று விசிலை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு தடவை அதிகமாகப் பார்த்தார்.

அன்றைக்கு மத்தியானமே மஞ்சு இறங்கிவிட்டது. நான் மேல்சரிவில் கடைசி வரிசையில் இருந்தேன். சாயங்காலம் ஹாரன் கேட்டது. ஒவ்வொன்றாகக் கூவல் எழுந்தது. மேலத்தெருக்காரி. குயில் மாதிரி இழுக்கிறவள். இரண்டு வெட்டு வெட்டுகிறவள். அதற்கப்புறம் எனக்கென்று விடுகிற அந்த இடம் வந்தது. எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கூவினேன்.

சத்தம் வந்தது. நல்ல சத்தமாகத்தான் வந்தது. கடைசியில் அந்த ஏற்றம் மட்டும் ஏறவில்லை. கீழேயே உருண்டு, ஆம்பிளை இருமியது போல முடிந்தது.

எனக்குப் பின்னால் கூவுகிறவளும் கூவி முடித்தாள். பிறகு மறுபடி ஹாரன்.

திரும்பக் கூவினேன். மூச்செல்லாம் கொடுத்துக் கூவினேன்.

கீழே அவர் குரல் கேட்டது. மஞ்சுக்குள் பேச்சு தெளிவாக வரும். "யாருப்பா அது மேல? பக்கத்துத் தோட்டத்து ஆளா?"

"தெரியல அண்ணே. யாரோ புது ஆளு" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டாளு இன்னும் கூவலையே" என்றார். நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். "வெரசாக் கூவச் சொல்லுங்கப்பா. இருட்டுது."

நான் மறுபடி கூவவில்லை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பாதைக்கு இறங்கினேன். செடியை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அவர் ஜீப்பிலிருந்து இறங்கி, மேலே தேடிப் போகத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மேல்சரிவைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஜீப்பில் இருந்த பெண்களுக்கும் அப்போதுதான் புரிந்தது. எப்போதும் கேலி பேசுகிறவள்கூட நகர்ந்து எனக்கு இடம் விட்டாள், அவ்வளவுதான்.

மெட்டு இறங்கும்வரை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஹாரன் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல புள்ள" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

விளக்கு வைத்த பிறகு அண்ணன் மகள் போன் செய்தாள். கூவினாயா அத்தை என்று கேட்கத்தான் அவ்வளவு ஆசையாக எடுத்திருந்தாள். சொன்னேன். அந்த வாயாடிக்கு அன்று வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"அந்த ஏத்தத்துக்கு மடிப்பை இழுத்து விறைப்பாக்க வேற ஒரு நரம்பு இருக்கு அத்தை. அது நல்லாருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் நான் கணக்குப் போட்டேன். உன் சதை எம்புட்டு மெத்துன்னு இருக்குங்கிறதையும் யாரோ அளந்து வச்சதைத்தான் எடுத்தேன். உன்னோடத எப்படி அளக்குறது?" குரல் உடைந்தது. "கூவிட்டன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சொல்லலேன்னா நான் தண்ணி குடிக்கவே இன்னும் புரையேறிக்கிட்டு இருப்பேன். அழுகாத தாயி" என்றேன். என் கனத்த குரலில் அது எப்படிக் கேட்டதோ, அவள் இன்னும் அழுதாள். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த வீடியோ அவர் போனிலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வாசலுக்கு அந்தப் பக்கம், ஜீப்புக்குள்ளிருந்து, காற்று இரைச்சலும் அதற்குள் ஒன்றொன்றாகக் கூவல்களும் கேட்டன. கடைசிக்கு முந்திய என் கூவல் வந்ததும் நிறுத்திவிட்டார்.

மறுநாள் மழை இல்லை. ஜீப்பு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியது. ஆணியில் இருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அன்று கீழ்சரிவில் காய் எடுத்தோம்.